தக்காளி தின்ற கிழவரும் காரியஸ்தர் டெனெத்தோரும்

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில் மிகைபுனைவுக் கதைகளில் வரும் அரசர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் டெனெத்தோர் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தம்பி, நன்றாகப் படிக்கிற பையன், உடனே கேட்டான்: "யாரு, அந்தத் தக்காளி சாப்பிடுற கிழவனா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எம்.ஆர்.டி.யில் வீடு திரும்பும்போதுதான் அப்படிச் சிரித்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. இந்தக் கட்டுரை அந்த எரிச்சலில் எழுதியது. கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியைக் குறை சொல்ல முடியாது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்றால் நம்மில் பெரும்பாலோருக்குப் பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்கள்தான். மூன்றாவது படம் 2003 டிசம்பரில் வந்தது, 11 ஆஸ்கார் வாங்கியது. ஜான் நோபல் என்ற நல்ல நடிகர் அதில் டெனெத்தோராக வருகிறார். மகன் சாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அப்பா மேசையில் உட்கார்ந்து கோழியைப் பிய்த்துத் தின்கிறார், குட்டித் தக்காளியைக் கடிக்கிறார், சாறு தாடையில் வழிகிறது. பிப்பின் பாடுகிறான். இது நல்ல சினிமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மனிதனை ஒரே தக்காளியில் காலி பண்ணுவது லேசுப்பட்ட வேலையா?

ஆனால் புத்தகத்தில் அந்தத் தக்காளி கிடையாது. தக்காளியோடு விட்டிருந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பேன். படத்தில் டெனெத்தோர் உதவி கேட்க மறுக்கிறார். காண்டால்ஃப் சொல்லி, பிப்பின் திருட்டுத்தனமாக மலையேறி எச்சரிக்கைத் தீயை மூட்டுகிறான். தீ மலைக்கு மலை தாவும் அந்தக் காட்சியைப் பார்த்து மயிர்க்கூச்செறியாதவர் உண்டா? எனக்கும்தான். புத்தகத்தைத் திறந்து பாருங்கள். காண்டால்ஃபும் பிப்பினும் மினாஸ் திரித்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே, இரவில் குதிரையில் போய்க்கொண்டிருக்கும்போதே, ஏழு மலைகளிலும் தீ எரிகிறது. மூட்டச் சொன்னவர் டெனெத்தோர். ரோஹான் அரசனுக்குச் செவ்வம்பு கொடுத்துத் தூதனை அனுப்பியவரும் அவரே. அந்தக் காட்சியின் பெருமை முழுவதும் யாருக்குச் சேர வேண்டுமோ அவரிடமிருந்து பிடுங்கி, அவருக்கு எதிரான சாட்சியாக அதை மாற்றிவிட்டார்கள்.

இன்னும் இருக்கிறது. வெளிமதில் பழுதாகிக் கிடந்தது, அதைச் சீர்செய்ய ஆள் வைத்திருக்கிறார். முற்றுகைக்கு முன்பே பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் வண்டி வண்டியாகத் தெற்கே அனுப்பிவிடுகிறார். தென்பகுதிச் சிற்றரசர்களைப் படையோடு வரச் சொல்கிறார். அவர்கள் கொண்டுவந்தது மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவு. உம்பார் கடற்கொள்ளையரின் கப்பல்கள் கடற்கரையைத் தாக்கப்போகின்றன என்று எல்லாரும் தங்கள் ஊரிலேயே ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்படியும் நகரம் தயாராகிறது. இதையெல்லாம் செய்தவருக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. கறுப்பு மேலங்கியைத் திறந்து காட்டுகிறார், உள்ளே இரும்புக் கவசம், இடுப்பில் நீண்ட வாள். வயதானால் உடம்பு சொகுசு தேடும், பயப்படும் என்பதால் பல வருடங்களாகத் தூங்கும்போதும் இதே கோலம்தான் என்கிறார். கவசத்தோடு தூங்குகிற அந்த முதியவர் எங்கே, படத்தில் வருகிற தீனிக்காரர் எங்கே!

சரி, ஃபாராமிரைச் சாவுக்கு அனுப்பினாரே என்பீர்கள். படத்தில் ஒஸ்கிலியாத் ஏற்கெனவே எதிரி கையில். குதிரைப்படையை நேராக வில்லாளிகள் முன்னால் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். யுத்தம் தெரிந்த எவனும் கொடுக்காத உத்தரவு அது. புத்தகத்தில் அப்படி இல்லை. ஆலோசனைச் சபை கூடுகிறது. ஆற்றையும் வயல்வெளியையும் சண்டை போடாமல் விட்டுக்கொடுக்க முடியாது என்று டெனெத்தோர் சொல்கிறார். இளவரசர் இம்ராஹில் எதிர்த்துப் பேசுகிறார், அதற்கும் இடம் இருக்கிறது. ஆற்றங்கரையில் நிற்கும் காவல்படைக்குத் துணையாக ஃபாராமிர் போகிறான். எதிரியைத் தாமதப்படுத்துவதுதான் நோக்கம். கதையின் காலக்கணக்கை டோல்கீன் பின்னிணைப்பில் நாள்வாரியாகத் தந்திருக்கிறார். ஃபாராமிர் போனது மார்ச் 11. ரோஹான் குதிரைப்படை வந்து சேர்ந்தது 15 விடியலில். வந்தபோது நகரத்தின் பெரிய வாசல் அப்போதுதான் உடைந்திருந்தது. அதாவது அரை நாள் முன்னே பின்னே ஆகியிருந்தால் கதை முடிந்தது. ஆற்றங்கரையில் சிந்திய இரத்தம் வீண் என்று சொல்பவர்கள் அந்த அரை நாளை எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பின்வாங்கி வரும் படை சிதறத் தொடங்கும்போது, அதுவரை அடக்கி வைத்திருந்த குதிரைவீரர்களைச் சரியான கணத்தில் வெளியே விட்டவரும் டெனெத்தோர்தான். அதனால்தான் ஃபாராமிரின் உடலாவது வீடு வந்து சேர்ந்தது.

அவர் மகனிடம் பேசிய பேச்சு கொடூரமானது. அதை நான் மறைக்கவில்லை. செத்துப்போன மூத்தவனின் இடத்தில் நீ இருந்திருக்கலாம் என்ற அர்த்தத்தில் ஓர் அப்பா பேசுகிறார். படம் இதில் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. நல்ல தளபதி நல்ல அப்பாவாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. நம் குடும்பங்களில் இந்த மாதிரி அப்பாக்களை நாம் பார்க்காததா?

இனி பெரிய குற்றச்சாட்டு. டெனெத்தோர் பதவி வெறியர், உண்மையான அரசன் வந்தபோது நாற்காலியை விடவில்லை. படம் பார்த்தவர்கள் மட்டுமல்ல, புத்தகம் படித்தவர்களும் இதைச் சொல்வார்கள். எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது இதுதான்.

முதலில் அந்த நாற்காலியைப் பார்ப்போம். மினாஸ் திரித்தின் மண்டபத்தில், படிகளுக்கு மேலே உயரத்தில் அரியணை இருக்கிறது. காலியாக. அதன் கீழே, கடைசிப் படியில், அலங்காரமில்லாத ஒரு கறுப்புக் கல் நாற்காலி. டெனெத்தோர் உட்காருவது அதில்தான். அவர் அரசர் இல்லை, 'ஸ்டூவர்ட்'. அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மேலாளர் என்றால் ஆபீஸ் வாசம். பிரதிநிதி என்றால் தேர்தல் வாசம். ஸ்டூவர்ட் என்றே விட்டால் விமானத்தில் காப்பி கொண்டுவருபவர் ஞாபகம் வருகிறார். கடைசியில் காரியஸ்தர் என்ற பழைய சொல்லுக்கு வந்து நின்றேன். அடுத்தவன் சொத்தைத் தன் சொத்துபோல் பார்த்துக்கொள்கிற, ஆனால் அது தன் சொத்து இல்லை என்று தினமும் தெரிந்திருக்கிற ஆள்.

கோண்டோரின் கடைசி அரசன் எயார்னூர், எதிரியின் சவாலை ஏற்று மினாஸ் மோர்குலுக்குள் சவாரி செய்து போனான். வீரம் என்று நினைத்திருப்பான். திரும்பி வரவில்லை, பிள்ளையும் இல்லை. அது மூன்றாம் யுகம் 2050-ஆம் ஆண்டு. அன்று தொடங்கி டெனெத்தோர் இறந்த 3019 வரை 969 வருடங்கள் காரியஸ்தர்கள் நாட்டைக் காத்தார்கள். 26 தலைமுறை. ஒருவர்கூட மேல்படி ஏறி உட்காரவில்லை. எத்தனை நூறு வருடம் ஆனால் காரியஸ்தர் அரசராகலாம் என்று சின்ன வயதில் போரோமிர் கேட்கிறான். மற்ற சிறிய நாடுகளில் சில வருடம் போதும், கோண்டோரில் பத்தாயிரம் வருடம் ஆனாலும் போதாது என்று அப்பா பதில் சொல்கிறார். இந்த அப்பா டெனெத்தோர்தான்! பதவி வெறியன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடமா இது?

நமக்கு இந்தக் கதை புதிதும் இல்லை. அண்ணனின் பாதுகையை வைத்துக்கொண்டு நந்தியம்பதியில் இருந்து ஆண்ட பரதனை நமக்குத் தெரியும். அவன் காத்தது 14 வருடம். அதற்கே அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறோம், தப்பில்லை. ஆனால் பரதனுக்கு இருந்த வசதிகளையும் பாருங்கள். அவனுக்கு யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியும், அவன் முகம் தெரியும், திரும்பி வரும் நாள்கூடத் தெரியும். டெனெத்தோரின் வம்சம் காத்திருந்தது முகமில்லாத ஒருவனுக்காக, தேதியில்லாத ஒரு நாளுக்காக. 500 வருடம் கழித்து அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு காட்டிலிருந்து ஒருவன் வந்திருந்தால் பரதனின் பேரப்பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்?

அரகோர்னுக்கு உரிமை இருந்ததா என்ற கேள்விக்கு வருவோம். நம் கூட்டத்தில் யாரும் இதைக் கேட்பதே இல்லை. கதாநாயகன், அழகன், உடைந்த வாள் வைத்திருக்கிறான், வேறென்ன வேண்டும்? ஆனால் கோண்டோருக்கு என்று ஒரு சட்டம், ஒரு வரலாறு உண்டு. 1944-இல் ஒண்டோஹெர் அரசனும் அவன் இரண்டு மகன்களும் போரில் செத்தார்கள். அப்போது வடக்கிலிருந்து அர்வெடுயி உரிமை கோரினான். அவன் இசில்டூரின் வாரிசு, ஒண்டோஹெரின் மகளையும் கட்டியிருந்தான். கோண்டோர் சபை அதை நிராகரித்தது. இந்த மகுடம் அனாரியோன் வழி ஆண்வாரிசுகளுக்கு மட்டுமே என்றது. அந்த முடிவில் முக்கியப் பங்கு வகித்தவர் அன்றைய காரியஸ்தர் பெலெண்டூர். அரகோர்ன் யார்? அதே அர்வெடுயியின் வழித்தோன்றல். ஆக, டெனெத்தோர் இசில்டூர் வம்சத்துக்கு இங்கே இடமில்லை என்று சொல்லும்போது அது சொந்தப் பொறாமையாக இருக்கலாம், இருந்தது. கூடவே அது 1075 வருடம் பழைய தீர்ப்பும்கூட. பெலெண்டூர் சபையின் நியாயத்தை நீங்கள் ஏற்க வேண்டாம், பெண்வழி வாரிசுரிமையைப் புறந்தள்ளிய அந்தத் தீர்ப்பு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் தீர்ப்பு என்று ஒன்று இருந்தது என்பதையே மறந்துவிட்டு ஒருவரை அபகரித்தவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன் அரகோர்ன்தான். போரில் ஜெயித்த பிறகு அவன் நேராக நகரத்துக்குள் போய் அரியணையில் ஏறவில்லை. கொடியைச் சுருட்டச் சொன்னான், மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டான். காயம்பட்டவர்களைக் குணப்படுத்த வேண்டும் என்று கூப்பிட்டபோதுதான், அங்கியைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தான். தன் உரிமை சர்ச்சைக்குரியது என்று அவனுக்கே தெரியும். ரசிகர்களுக்குத்தான் தெரியவில்லை.

டெனெத்தோருக்கு எல்லார் மேலும் சந்தேகம், மனநோய் என்றும் சொல்வார்கள். அவர் என்ன சந்தேகப்பட்டார்? காண்டால்ஃப் ஒரு கையால் தன்னை மோர்டோருக்கு எதிரான கேடயமாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் இடத்துக்கு இன்னொருவனைக் கொண்டுவருகிறார் என்று. அது பொய்யா? காண்டால்ஃப் மண்டபத்துக்குள் நுழையும் முன் பிப்பினிடம் சொல்லும் முக்கியமான எச்சரிக்கையே, அரகோர்னைப் பற்றி வாய் திறக்காதே என்பதுதான். பின்னே? ஒரு மணி நேரம் அந்தப் பையனை விசாரித்தே டெனெத்தோர் பாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார். இன்னொன்றும் உண்டு. அவர் இளைஞராக இருந்த காலத்தில் தோரொங்கில் என்ற பெயரில் ஒரு வெளியூர் வீரன் வந்து அவருடைய அப்பா எக்தேலியோனிடம் வேலை பார்த்தான். 2980-இல் உம்பார் துறைமுகத்துக் கப்பல்களை எரித்துவிட்டு, புகழின் உச்சியில் காணாமல் போனான். அது மாறுவேடத்தில் இருந்த அரகோர்ன். தன் சொந்த அப்பாவின் மனசிலேயே தான் இரண்டாவதாகிவிட்டதை டெனெத்தோர் பார்த்தவர். தோரொங்கில் யார் என்பதை அவர் அப்போதே ஊகித்துவிட்டார் என்று பின்னாளில் சிலர் நம்பியதாகப் பின்னிணைப்பு சொல்கிறது. சந்தேகப்பட்டது உண்மையாக இருந்தால் அதற்குப் பெயர் நோயா?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வில்லனைத் தலைகீழாக்கி நல்லவனாக்கும் ஃபேஷன் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் ஆள் இல்லை. டெனெத்தோர் பெரிய தப்பு செய்தார். உயிரோடு இருக்கும் மகனைச் சிதையில் ஏற்ற முயன்றார். முற்றுகையின் நடுவில் உத்தரவு கேட்டு வந்தவர்களிடம் யார் பின்னாலாவது போங்கள் என்று சொல்லிவிட்டு நகரத்தைக் கைவிட்டார். அவர் உத்தரவால் ஒரு விசுவாசமான காவலன், பெரெகோண்ட், தன் கூட்டாளிகளையே வெட்டி ஃபாராமிரைக் காப்பாற்ற வேண்டி வந்தது. புனித இடத்தில் ஒழுகிய அந்த இரத்தமும் டெனெத்தோர் கணக்கில்தான். நான் கேட்பது விடுதலை இல்லை. செய்த குற்றத்துக்குத் தண்டனை கொடுங்கள், செய்யாத குற்றத்துக்கு வேண்டாம் என்கிறேன்.

செய்த குற்றம் எப்படி நடந்தது என்பதில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. படம் அதைத் தொடவே இல்லை. டெனெத்தோரிடம் ஒரு பலான்டீர் இருந்தது, தொலைவில் நடப்பதைக் காட்டும் கல். படத்தில் அந்தக் கல் அவர் கையில் ஒருமுறைகூடத் தெரிவதில்லை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது காரணமில்லாமல் பைத்தியம் பிடித்த ஒரு கிழவர் மட்டும்தான்.

அதே மாதிரிக் கல் சாருமானிடமும் இருந்தது. சாருமான் மனிதன் இல்லை, மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவன். அவன் அந்தக் கல் வழியாகச் சாவ்ரோனுக்கு அடிமையானான். டெனெத்தோர் ஆகவில்லை! வருடக்கணக்கில், தனியாக, கோபுரத்து உச்சியில் உட்கார்ந்து சாவ்ரோனோடு மனசால் மல்லுக்கட்டினார், உடம்பு தேய்ந்தது, மனசு வளையவில்லை. சாவ்ரோனால் அவரைப் பணியவைக்க முடியவில்லை என்று காண்டால்ஃபே ஒத்துக்கொள்கிறார். 1980-இல் வெளிவந்த 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' தொகுப்பில் டோல்கீன் இதற்குக் காரணமும் தருகிறார். காரியஸ்தர் என்ற முறையில் டெனெத்தோருக்கு அந்தக் கல்லைப் பார்க்க உரிமை இருந்தது, சாருமானுக்கு இல்லை. உரிமையுள்ளவனுக்குக் கல் ஒத்துழைக்கும்.

பொய்யைக் காட்டி அவரை ஏமாற்ற முடியாது என்று தெரிந்துகொண்ட சாவ்ரோன் வேறு வழி கண்டுபிடித்தான். உண்மையை மட்டும் காட்டினான். தேர்ந்தெடுத்த உண்மையை. மோர்டோரில் பெருகும் படைகள், கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் வீரர்கள், ஆற்றில் வரும் கறுப்புப் பாய்மரக் கப்பல்கள். எல்லாமே நிஜம்.

பின்னிணைப்பின் அந்தத் தேதிக்கு வாருங்கள், மார்ச் 13. ஒரே நாளில் மூன்று விஷயங்கள் பதிவாகியிருக்கின்றன. ஃபாராமிர் காயம்படுகிறான். கிரித் உங்கோலில் ஃப்ரோடோ ஓர்க்குகளிடம் பிடிபடுகிறான். பெலார்கிரில் அரகோர்ன் உம்பார் கப்பல்களைக் கைப்பற்றுகிறான். அன்று இரவு டெனெத்தோர் மகனின் கட்டிலை விட்டு எழுந்து கோபுரத்துக்குப் போகிறார். உச்சி அறையின் ஜன்னலில் மங்கலான ஒளி மின்னுகிறது. இறங்கி வரும்போது அவர் முகம் சாகக் கிடக்கும் மகனின் முகத்தைவிடச் செத்த முகமாக இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் சொல்வது இரண்டு: எதிரி மோதிரத்தைக் கண்டுபிடித்துவிட்டான், கறுப்புக் கப்பல்கள் வருகின்றன. கப்பல்கள் வந்தது உண்மை. உள்ளே இருந்தது அரகோர்ன் என்பது கல்லில் தெரியவில்லை. ஃப்ரோடோ பிடிபட்டதும் உண்மை. மோதிரம் சாமிடம் பத்திரமாக இருந்தது தெரியவில்லை. கல்லில் ஃப்ரோடோவைப் பார்த்தாரா என்று டோல்கீன் வெளிப்படையாக எழுதவில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி படிக்கத் தோன்றவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அதில் வருவது எதுவும் பொய்யில்லை, ஆனால் விடியும்போது எழுந்திருக்க மனசு வராது. அமெரிக்காவில் தரவு அலசும் நிறுவனம் ஒன்று தனக்கு பலான்டீர் என்றே பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைத்தவர்கள் புத்தகத்தைக் கடைசிவரை படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது, போகட்டும்.

மறுபடியும் பரதனிடம் வருகிறேன். 14 வருடக் கெடு முடிகிறது, இராமன் வரவில்லை. பரதன் தீ மூட்டச் சொல்கிறான். கோசலை ஓடிவந்து தடுக்கிறாள், கேட்கவில்லை. கம்பன் அந்த இடத்தில் நம் மூச்சைப் பிடித்து நிறுத்துகிறான். கடைசி நொடியில் அனுமன் வந்து கையாலேயே தீயை அணைக்கிறான், இராமன் வந்துவிட்டான் என்கிறான். இரண்டு காரியஸ்தர்கள், இரண்டு சிதைகள். ஒருவனுக்குச் சேதி நேரத்தில் வந்தது. இன்னொருவருக்கு வந்த சேதியில் பாதிதான் இருந்தது. அனுமன் ஒரு நாழிகை தாமதித்திருந்தால் பரதனை நாம் எப்படி நினைவு வைத்திருப்போம்? அவசரக்காரன், நம்பிக்கை இல்லாதவன் என்றா? பரதன் தன்னை மட்டும்தான் எரிக்கப் பார்த்தான், மகனை இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது பெரிய வித்தியாசம்தான். டெனெத்தோருக்குப் பக்கத்தில் ஒரு கோசலையும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். மனைவி ஃபின்டுயிலாஸ் 2988-இல் இறந்துவிட்டாள், மூத்த பிள்ளைக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஐந்து. அதற்குப் பிறகு அவர் பேச்சே குறைந்துபோனது.

என் வாதத்துக்கு எதிரான பலமான ஆள் டோல்கீனேதான். ஒரு கடிதத்தில் அவர் டெனெத்தோரில் வெறும் அரசியல் கறைபட்டிருந்தது என்கிறார். சாவ்ரோன் தீயவன் என்பதற்காக இல்லாமல் போட்டி அரசன் என்பதற்காகவே டெனெத்தோர் அவனை எதிர்த்தார், ஜெயித்திருந்தால் கொடுங்கோலனாகும் பாதையில் நீண்ட அடி எடுத்து வைத்திருப்பார் என்கிறார். படைத்தவரே சொல்லிவிட்டார், நீ யாரு என்று கேட்கலாம். நான் வாசகன். டெனெத்தோர் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பது டோல்கீனின் ஊகம், அவர் எழுதிய கதையில் அது நடக்கவில்லை. கதையில் நடந்தது, ஒரு சின்ன நாட்டை ஒரு பெரிய நாட்டின் வாசலில் 35 வருடம் விழாமல் பிடித்து நிறுத்தியது. அரசியல் கறை என்கிறாரே, எல்லையில் இருப்பவனுக்கு அரசியல் தவிர வேறு என்ன வழி இருக்கிறது? மதிலைக் கட்டுவதும் வண்டி அனுப்புவதும் தானியக் கணக்கு பார்ப்பதும் அரசியல்தான். ஷையரில் புல்வெளி பச்சையாக இருந்ததற்கும் அந்த அரசியலுக்கும் சம்பந்தம் உண்டு. கோண்டோரின் இரத்தத்தால்தான் மேற்கு நிம்மதியாகத் தூங்குகிறது என்று போரோமிர் ரிவெண்டெல்லில் பேசும்போது, அந்தச் சபையில் யாரும் அதை மறுக்கவில்லை.

இன்னொன்றையும் துணிந்து சொல்கிறேன். மோதிரத்தை ஒரு அரையாள் கையில் கொடுத்து எதிரியின் நாட்டுக்குள்ளேயே அனுப்பியது பைத்தியக்காரத்தனம் என்று டெனெத்தோர் கத்துகிறார். நாம் சிரிக்கிறோம், ஏனென்றால் முடிவு நமக்குத் தெரியும். ஆனால் எரிமலையின் விளிம்பில் நடந்தது என்ன? ஃப்ரோடோ மோதிரத்தைப் போட மறுத்தான். இது எனக்கு என்றான். கோல்லும் கடித்துப் பிடுங்கி, கால் தவறி விழுந்ததால் உலகம் பிழைத்தது. அதை இரக்கத்தின் பலன் என்று சொல்லலாம், அருள் என்று சொல்லலாம், டோல்கீன் அப்படித்தான் நினைத்தார், எனக்கும் அது பிடித்த இடம். ஆனால் நாட்டைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்? மோதிரத்தை இங்கே கொண்டுவந்து புதைத்திருப்பேன் என்ற அவருடைய மாற்றுத் திட்டமும் நடந்திருக்காது. அதை வைத்துக்கொண்டு அவரால் சும்மா இருந்திருக்க முடியாது, காண்டால்ஃப் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். இரண்டு பக்கமும் சரியான வழி இல்லை. அதைத் தெரிந்துகொண்ட ஒரே ஆட்சியாளர் அந்தக் கதையில் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.

அவருடைய நிஜமான குறை நாற்காலி ஆசை இல்லை. சாவதற்கு முன் காண்டால்ஃபிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: என் முன்னோர் காலத்தில் இருந்தபடி எல்லாம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம். குறைந்துபோன வாழ்க்கையை, பங்குபோட்ட அன்பை, தேய்ந்த மதிப்பை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 969 வருடம் ஒரு பொருளைப் பாதுகாத்தவர்களுக்கு, பாதுகாப்பதே வேலை என்று ஆகிவிடுகிறது. யாருக்காகப் பாதுகாத்தோம் என்பது மறந்துபோய்விடுகிறது. கோயில் நிர்வாகத்தில், சங்கத்தில், பழைய வாசகசாலையில் 40 வருடம் செயலாளராக இருந்து, சாவியைக் கொடுக்க மனசில்லாமல் செத்துப்போன பெரியவர்களை நமக்குத் தெரியும். அவர்களைத் திட்டியிருக்கிறோம், நானும் திட்டியிருக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டடமே இன்றைக்கு இருந்திருக்காது என்பதையும் அதே வாயால்தான் சொல்ல வேண்டும்.

புத்தகத்தில் டெனெத்தோர் எரிந்துகொண்டே ஓடி மலைவிளிம்பிலிருந்து விழுவதில்லை. அது படத்துக்காரர்களின் வாணவேடிக்கை. புத்தகத்தில் அவர் மேசைமேல் ஏறி நின்று, காரியஸ்தரின் வெள்ளைக் கோலை முழங்காலில் வைத்து ஒடித்து நெருப்பில் போடுகிறார். பிறகு கல்லை நெஞ்சில் அணைத்துக்கொண்டு படுத்துவிடுகிறார். மே மாதம் முதல் தேதி முடிசூட்டு விழா. ஃபாராமிர், கடைசிக் காரியஸ்தராக, மண்டியிட்டு ஒரு வெள்ளைக் கோலை அரகோர்னிடம் நீட்டுகிறான். அரகோர்ன் அதை வாங்கி அவனிடமே திருப்பிக் கொடுக்கிறான். பழைய கோல் சாம்பலாகி ஒன்றரை மாதம் ஆகிறது. இது புதிதாகச் செதுக்கிய கோலாகத்தான் இருக்கும்.